உடைபடாத துரியோதனன்

காஞ்சிபுரத்தில் துரியோதனன் எழுந்து உட்கார்ந்துவிட்டானாம். தன்னைச் செய்த ஆளையே இழுத்து மடியில் போட்டுக்கொண்டானாம்.

இதை எனக்குச் சொன்னவர் பினாங்குச் சந்தைத் தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அவருக்குச் சொன்னவர் போன கப்பலில் புடவை விற்க வந்த ஒரு ஜவுளிக்காரர். ஜவுளிக்காரருக்கு யார் சொன்னார்கள் என்று இவருக்குத் தெரியவில்லை. "உங்க ஊர்ல பாரதபுரின்னு ஏதோ கட்டியிருக்காங்களாமே, அங்கதானாம்" என்று சொல்லிக்கொண்டே புளியை நிறுத்துப் பொட்டலம் கட்டினார். இப்படியெல்லாம் கதை கட்ட நம் ஜனங்களை விட்டால் ஆள் இல்லை என்று சிரித்தார்.

நான் பொட்டலத்தை வாங்க மறந்து வெளியே வந்துவிட்டேன். அந்தத் துரியோதனனைச் செய்தவர் என் அக்காள் புருஷன்.

அவர் பெயர் வீரபத்திரன். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்துக்கு மேற்கே உள்ள எங்கள் சிற்றூரில் ஏரித்தண்ணீரை நம்பிய கொஞ்சம் நிலம் அவருக்கு உண்டு. ஊரில் அவருக்கு இருந்த மரியாதை அந்த நிலத்தால் வந்ததல்ல. திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது, கடைசி நாள் போருக்காகக் கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணால் வடிப்பது அவர் குடும்பத்துக் கை. படுகளம் என்போம் அந்த இடத்தை. ஏரி மண்ணை முந்தின நாளே மிதித்துப் பதமாக்கி வைத்து, விடியும்போது உடம்பை எழுப்பி, வெயில் ஏறுவதற்குள் மாரும் மீசையும் கிரீடமும் முடித்துவிடுவார். கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். சுண்ணாம்பில் வெள்ளை, அடுப்புக்கரியில் பாவை. கண் வைத்தவுடன் கையைக் கழுவிக்கொண்டு கூட்டத்தில் ஒருவராகப் போய் உட்கார்ந்துவிடுவார்.

அதற்குப் பிறகு அந்த உடம்பு கூத்துக்காரர்களுடையது. பீமன் வேடக்காரர் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறி ஓடுவார். துரியோதன வேடக்காரர் மாரின்மேல் நின்று வசை பாடுவார். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். ஒப்பாரிக்கு நடுவிலேயே துடைப்பத்தால் அவன் முகத்தில் நாலு வைப்பார்கள். கடைசியில் பீமன் வலது தொடையில் அடிக்க, உள்ளே புதைத்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் பீறிடும். பாஞ்சாலி அதைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். பொழுது சாயும்போது துரியோதனன் வெறும் மண். ஆளுக்கொரு பிடி எடுத்துப்போய் நெற்குதிரில் போட்டுக்கொள்வார்கள்.

இதில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. கண் திறந்தவனை அன்றைக்கே உடைத்தாக வேண்டும். வடித்த கை உடைக்கக் கூடாது.

மற்ற மாதங்களில் அவருக்குப் பிழைப்பு காஞ்சிபுரத்தில். பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். சுற்றிலும் தறிச்சத்தம், அக்காள் பெரியநாயகி அந்தச் சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்வாள் என்று அவர் கேலி செய்வார். நாடகங்களுக்குத் திரை எழுதுவது, கல்யாணங்களுக்கு வாழைமரத்துக்குப் பின்னால் கோபுரவாசல் ஜோடிப்பது, உற்சவத்துக்குக் காகிதக்கூழில் யாளி செய்வது. எல்லாம் மறுநாள் பிரித்துப் போடுகிற வேலை. "நான் செஞ்சது எதையும் நான் ரெண்டாந்தரம் பாத்ததில்ல மச்சான்" என்பார். வருத்தமாகச் சொல்லமாட்டார். இருமல் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வார்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர்தான் திருஞானசம்பந்தம். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை முதலாளி. பட்டு வியாபாரிகளோடு ஜப்பான் போய், அங்கே ஊர்போலக் கட்டியிருந்த பெரிய பொருட்காட்சி ஒன்றில் நாளெல்லாம் நடந்துவிட்டு வந்தவர். வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

"கோயிலுக்கு வர்ற ஜனம் மத்தியானம் நடை சாத்தினதும் இன்னா செய்யுது?" என்று அவர் கேட்டாராம். "பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினு வாழப்பழம் திங்குது. நாலு மணி வரைக்கும் அதுங்களுக்குப் போக்கிடம் இல்ல. நாம ஒரு ஊரே கட்டுவோம் வீரபத்திரா. உள்ள நுழைஞ்சா அஸ்தினாபுரம். வெளிய வந்தாத்தான் காஞ்சிபுரம்."

ஊருக்கு மேற்கே, தண்ணீர் காணாத ஓர் ஏரியின் கரையை ஒட்டிக் கட்டினார்கள். ராஜவீதி, சூதாட்ட மண்டபம், அரக்கு மாளிகை, கடைசியில் குருக்ஷேத்திரம். சவுக்கும் மூங்கிலும் சாக்குப்படுதாவும் சுதையும். நான் பார்த்தவரையில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அரக்கு மாளிகைச் சுவரைத் தொட்டால் கையில் ஒட்டும்போல இருக்கும். தொட்டுவிட்டுக் கையைப் பார்த்துக்கொள்வோம்.

கட்டும்போது ஒரு நாள் வேலாயுதம் வந்து பார்த்திருக்கிறார். எங்கள் ஊரில் வருஷாவருஷம் பீமன் கட்டுகிறவர் அவர்தான். கூத்து வாத்தியார். சுற்றி வந்துவிட்டு முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"கூத்து எத்தினி மணிக்கு?"

"கூத்து எதுக்கு வாத்தியாரே?" என்றாராம் திருஞானசம்பந்தம். "எடமே கதை சொல்லும். ஜப்பான்ல ஒருத்தன் ஆடல, பாடல. ஜனம் வாயத் தொறந்துக்கினு நடந்திச்சி."

"நம்ம ஜனம் வாயத் தொறந்தா வெத்தல கேக்குமே முதலாளி" என்று சொல்லிவிட்டு வேலாயுதம் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம் பாரதபுரியைத் திறந்தார்கள். பினாங்கிலிருந்து நான் லீவில் ஊருக்குப் போனது சித்திரையில். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டிருந்தது. எங்கள் ஏரியில் மாடுகள் குறுக்கே நடந்து போயின. பிள்ளையார்பாளையத்தில் குடிதண்ணீர்க் குழாயடியில் குடங்கள் வரிசையில் காத்திருந்தன, ஆட்கள் நிழலில் காத்திருந்தார்கள்.

மாமா என்னைப் பாரதபுரிக்குக் கூட்டிப்போனார். திறந்த புதிதில் கூட்டம் தாங்கவில்லையாம். அன்றைக்கு ராஜவீதியில் எங்களைத் தவிர ஒரு குடும்பம்தான். திண்டிவனம் பக்கத்து ஆட்கள். சூதாட்ட மண்டபத்தில் சிம்மாசனங்களுக்கு எதிரே வசதியாக உட்கார்ந்து புளிச்சாதம் தின்றுகொண்டிருந்தார்கள். மாமாவை வேலையாள் என்று கண்டுகொண்டு அந்த அம்மாள் கேட்டாள்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆளுங்க எப்ப வருவாங்க?"

"எந்த ஆளுங்கம்மா?"

"ராஜா, பாஞ்சாலி, அவங்கல்லாம்."

"அவங்க வரமாட்டாங்கம்மா. பாக்கறதுதான்."

அவள் நம்பவில்லை. இன்னும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சிம்மாசனங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள். தினமும் இப்படித்தான் என்றார் மாமா. யாரும் குறை சொல்வதில்லை. மறுபடியும் வருவதுமில்லை.

குருக்ஷேத்திரத்துக்கு வந்தோம். துரியோதனன் கிடந்தான். ஊரில் வடிப்பதைவிடப் பெரியவன். செங்கல்லை வளைத்துக் கட்டி மேலே சிமெண்டு பூசியது. எனக்கு முதலில் கண்தான் தெரிந்தது. இரண்டும் திறந்திருந்தன. வெயிலில் சிமிட்டாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மாமா, கண்ணு வச்சிருக்கீங்க."

"ஆமா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான் மொதல்ல பாத்தா. ரெண்டு வேளை சோத்துல உப்பு போடல, அவ்ளோதான்."

"கண்ணு இல்லாம வுட்டிருக்கலாமே."

"வுட்டுப் பாத்தேன் மச்சான். பொணமா இருந்திச்சி." அவர் கீழே குனிந்து துரியோதனனின் வலது தொடையைத் தட்டினார். அங்கே மட்டும் சிமெண்டு இல்லை, மண் பூசியிருந்தது. "இத மட்டும் மண்ணா வுட்டு வச்சிருக்கேன் பாரு. உள்ள கூடு. இடுப்பு வரைக்கும் காலி, ரெண்டு பேர் குந்தலாம். பானை வச்சாச்சி. முதலாளி என்னிக்காவது கூத்துக்கு ஒத்துக்குவாரு, வேலாயுதம் வந்து அடிப்பான், மறுபடி மண்ணப் பூசிக்கலாம். தொடை ஒடஞ்சிரும், ஆளு நிப்பான். ஒண்ணாவது நிக்கட்டுமேன்னுதான்..."

பொழுது சாயவிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறி, அந்தக் கண்கள் மூன்று மாதமாகத் திறந்திருந்தன. கூத்து வரவில்லை.

வைகாசியில் ஊரில் பாரதம் வைக்க ஊர் கூடியது. வழக்கமாக மாமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து மண் மிதிக்கச் சொல்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு நானும் அவரோடு போயிருந்தேன். தாம்பாளம் நிரம்பி இருந்தது. யாரும் அதை அவர் பக்கம் நகர்த்தவில்லை. ஊர்ப் பெரியதனக்காரர் பரசுராமன்தான் வாயைத் திறந்தார்.

"அங்க ஒருத்தன் கண்ணத் தொறந்துக்கினு கெடக்கறான். இங்க இன்னொருத்தன வடிப்பியா? ஒரு பாரதத்துக்கு எத்தினி துரியோதனன்பா?"

"அது பொருட்காட்சி பெரியவரே. இது சாமி காரியம்" என்றார் மாமா.

"கண்ணு யாரு வச்சது? நீதானே? அதே கைதானே?" பரசுராமன் குரலை உயர்த்தவில்லை. "ஏரியப் பாத்தியா? பொம்பளைங்க இன்னா பேசிக்கறாங்கன்னு உங்கூட்டுக்காரியக் கேளு. உன்ன வேணாங்கல. அத முடிச்சிட்டு வா. உனக்குத்தான் தட்டு."

முடிப்பது என்றால் உடைப்பது. அதற்குத்தான் மாமா அலைந்தார், நானும் கூடவே. அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷத்துப் படுகளத்தில் மண்ணைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் முதலாளியிடம் போனோம். அவர் கடையில் மெத்தைமேல் உட்கார்ந்து கூல் டிரிங்க் வாங்கிக் கொடுத்தார். மறுத்தபோதும் மரியாதையாகவே மறுத்தார்.

"வர்ற நாலு ஜனமும் கேக்கறது அந்தத் துரியோதனனத்தான். எங்க படுத்துக்கினு இருக்கான், எங்க படுத்துக்கினு இருக்கான்னு நேரா அங்கதான் ஓடுது. அதையும் ஒடைச்சிட்டா அப்புறம் அட்டை வூட்டையா காட்டச் சொல்ற?"

"அப்ப கூத்துக்காவது ஒத்துக்குங்க முதலாளி. ஒரு நாள் போதும்."

"ஒரு நாள் வுட்டா பம்பை சத்தம் கேட்டு பத்து ஊரு ஜனம் வரும். வந்து படுதாவக் கிழிக்கும். வீரபத்திரா, நீ செஞ்சது எவ்ளோ அழகுன்னு உனக்கே தெரியல."

மாமா அதைக் கேட்டு ஒரு கணம் தலைகுனிந்து நின்றார். அந்தப் பாராட்டுக்கு அவர் உள்ளே மலர்ந்ததை நான் பார்த்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு வேலாயுதத்தின் வீட்டுக்குப் போனோம். முதலாளிக்குத் தெரியாமல் ஒரு மத்தியானம் வந்து தொடையில் ஓர் அடி அடித்துவிட்டுப் போனால் போதும் என்று மாமா கெஞ்சினார். வேலாயுதம் மரக்கட்டைக் கிரீடத்தின் கண்ணாடிச் சில்லுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அங்க அம்மன் எங்க இருக்குது?"

"அம்மன் இல்ல."

"கொடி ஏத்தினாங்களா? காப்பு கட்டினாங்களா?"

"ஏம்பா தெரியாத மாதிரி கேக்கற?"

"அவன் சபையில தொடையத் தட்டி அந்தப் பொண்ணக் கூப்புட்டான். அத ஜனம் காதால கேட்டுட்டு, பல்லக் கடிச்சிக்கினு, இத்தினி நாள் காத்துக்கினு இருந்திருக்கணும். அப்பதான் அந்தத் தொடைக்கு அடி. சும்மா வந்து ஒடைச்சா அது கொத்தனார் வேலை. கொத்தனாரக் கூப்புடு."

"கூப்புட்டேன். கண்ணப் பாத்துட்டு கரணைய வுட்டுட்டு ஓடிட்டான்."

வேலாயுதம் சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். பிறகு வேலாயுதம் மறுபடியும் கிரீடத்தைத் துடைக்க ஆரம்பித்தார். எழுந்து வரும்போது வேலாயுதம் வாசல்வரை வந்தார்.

"வீரபத்திரா, நீ மட்டும் கைய வைக்காதே. சொல்லிட்டேன்."

படுகளத்துக்கு உத்திரமேரூர்ப் பக்கமிருந்து வேறு ஓர் ஆளை வரவழைத்தார்கள். எங்களுக்கு அழைப்பில்லை, யாரும் வராதே என்றும் சொல்லவில்லை. மாமாவும் அக்காளும் நானும் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று பார்த்தோம். அந்த ஆளுக்கு எங்கள் ஏரி மண் பிடிபடவில்லை. துரியோதனனுக்கு ஒரு கை குட்டை. மூக்கு கோணல். கிரீடம் பானையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மாமா பக்கத்தில் நின்று மூச்சுக்குள் ஏதோ முனகிக்கொண்டே இருந்தார்.

பம்பை முழங்கியது. வேலாயுதம் கதாயுதத்தோடு ஓடிவந்தார். அதற்குப் பிறகு மூக்கைப் பற்றி நினைக்க எனக்கு நேரமில்லை. அக்காள் எப்போது எங்களை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள் என்றும் தெரியவில்லை. பார்க்கும்போது துடைப்பத்தோடு அவளும் பெண்களுக்கு நடுவே இருந்தாள். தொடை உடைந்து சிவப்புத் தண்ணீர் தெறித்தபோது கிழவர்கள் விம்மினார்கள். ஒரு பெண்ணுக்கு அருள் வந்து நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு எல்லோரும் மண்ணுக்குப் பாய்ந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்காளின் மடியில் ஒரு பிடி மண் முடிந்திருந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"மூக்கு கோணலா இருந்திச்சி, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் மாமா."

"ஒருத்தனும் பாக்கல மச்சான்."

சிங்கப்பூரில் ஒரு மலைச்சரிவு முழுக்கச் சுதைப் பொம்மைகள் நிறுத்திய தோட்டம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குச் சொந்தமில்லை, கதை ஆடவும் ஆளில்லை. ஆனால் ஜனங்கள் வருகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போகிறார்கள். அதைச் சொல்லி அவரைத் தேற்றலாமா என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஜனத்துக்குப் பாரதம் தெரியும். தெரிந்த கதையின் வீட்டைத் திறந்துகாட்டி, வீட்டுக்காரர்கள் வரமாட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்? அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது என்றுதான் அவர் முகம் சொன்னது. நாற்பது வருஷம் கூட்டத்தோடு உட்கார்ந்து, கூட்டம் பார்ப்பதெல்லாம் தன் மண்ணை என்று நினைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் ஒருநாளும் அதைப் பார்க்கவில்லை.

நான் கப்பலேறப் புறப்பட்ட அன்று அக்காள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அவர் வரவில்லை. பாரதபுரிக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். ஆள் வருவது நின்று கதவைப் பாதி சாத்திவிட்டார்களாம்; இவர் மட்டும் தினமும் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறாராம்.

"தம்பி, வூட்டுல இருந்த கடப்பாரைய எடுத்துக்கினு போயி பஞ்சாட்சரம் கடையில குடுத்து வச்சிருக்கேன். கேட்டாக் குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன்."

"கேட்டாரா?"

"என்னக் கேக்கல. தேடறாரு."

"உடைச்சிட்டா நல்லதுதானேக்கா? ஊர்ல சேத்துக்குவாங்க."

"செஞ்ச கையால ஒடைச்சா சேப்பாங்களா?" என்றாள். "அவரு ஊருக்கோசரம் தேடல தம்பி. அந்தக் கண்ணு தொறந்துக்கினே கெடக்கறத அவரால தாங்க முடியல."

பஞ்சாட்சரம் அவர்கள் தெருமுனையில் ஜரிகைக்கடை வைத்திருப்பவர். அந்தத் தெருவுக்கே அவர் கடை போன்தான் போன். நெசவாளர்கள் எந்த நேரமும் வருவார்கள் என்று மத்தியானச் சாப்பாட்டைக்கூடக் கடையிலேயே வரவழைத்து, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு சாப்பிடுவார். நான் எப்போது கூப்பிட்டாலும் இரண்டு தடவை மணி அடிப்பதற்குள் எடுத்து, "இருப்பா, பெரியநாயகியக் கூப்புடச் சொல்றேன்" என்பார்.

மளிகைக்கடையிலிருந்து நேராகத் தொலைபேசி ஆபீசுக்கு வந்தேன். எண்ணைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். சிமெண்டு எழுந்து உட்காராது. பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழியில் படித்திருக்கிறேன், இரண்டிலும் அது எழுந்து உட்காராது. ஆனால் அந்த உடம்பு இடுப்பு வரைக்கும் கூடு. தொடைப் பக்கத்து மண்ணைத் தள்ளிவிட்டு ஒருவன் உள்ளே நுழைந்து இடுப்பில் கட்டிய செங்கல்லைப் பெயர்த்தால், மார் உள்ளே சரியும். மார் சரியும்போது தலை நிமிரும். ஏரிக்கரையில் மாடு மேய்த்தவன் பார்த்தால் எழுந்து உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். மடியில் போட்டுக்கொண்ட மாதிரியும்.

அல்லது ஒன்றும் நடக்கவில்லை. ஜனங்கள் அந்தக் கண்ணைப் பார்த்து ஒரு கதை கட்டினார்கள், கதை கப்பலேறி வந்தது. மாமா வீட்டில் உட்கார்ந்து யாளிக்குக் காகிதம் ஊறவைத்துக்கொண்டிருக்கிறார். அக்காள் வந்து போனை எடுத்து, "இன்னா தம்பி, செலவு பண்ணிக்கினு" என்று திட்டுவாள்.

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முதலில் கடல் இரைச்சல். பிறகு சென்னை ஆபரேட்டரின் குரல், காஞ்சிபுரம் எண்ணைத் திருப்பிச் சொன்னது. மணி அடிக்க ஆரம்பித்தது.

இங்கே ஒரு மணி தாண்டிவிட்டது. அங்கே முற்பகல். வேலைநாள். பஞ்சாட்சரம் கடையில் இருக்கும் நேரம்.

"எடுக்கல சார். வச்சிடட்டுமா?" என்றது குரல்.

"இன்னும் கொஞ்சம் பாருங்கம்மா. கடையிலதான் இருப்பாரு."

மணி அடித்தது. அந்தக் கடை சாத்தி நான் பார்த்தது எப்போதென்று யோசித்தேன். பொங்கலுக்குக்கூடப் பாதிக் கதவு திறந்திருக்கும். தெருவில் யாராவது தவறிவிட்டால் மட்டும் சாத்துவார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிணத்தை எடுக்கும்வரை அந்தத் தெருவில் தறி ஓடாது, கடை திறக்காது. போனும் உள்ளேதான் இருக்கும், பூட்டிய கதவுக்குள். கடப்பாரையும் உள்ளே இருக்கிறதா என்று யாரைக் கேட்பது?

"சார்?"

"அடிக்கட்டும்மா" என்றேன்.

அடித்துக்கொண்டிருந்தது.